குடும்பப்பெயரும் குடிவழித் தரவுத்தளமும்
(நேட்டால் தமிழர் பெயர்களை முன்வைத்து ஒரு திறனாய்வு)

முன்னுரை

ஒரு குடியின் வழிமுறையை ஆராயப் புகுவார் முதற்கண் பற்றும் கொழுகொம்பு பெயரே ஆகும். ஊர் மாறும், தொழில் மாறும், நிலம் கைமாறும், பெயர் மட்டும் தலைமுறைதோறும் தொடரும் என்னும் நம்பிக்கையின் மேலேயே மேலைநாட்டுக் குடிவழி ஆராய்ச்சி கால்கொண்டது. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு தோன்றிய ஒருபெயராய்வுக் கழகம், ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து, அப்பெயர் பூண்டார் அனைவரையும் உலகெங்கும் தேடித் தொகுப்பதனையே தன் நெறியாகக் கொண்டது. இன்று கணிப்பொறி உடைய எவரும் தம் இல்லத்திலிருந்தே இத்தகைய தரவுத்தளம் ஒன்றைத் தமக்கென அமைத்துக்கொள்ளலாம். தமிழர் பலரும், சிறப்பாகக் கடல்கடந்து வாழ்வார், இம்முயற்சியில் ஈடுபட்டு வருகின்றனர்.

முயற்சி போற்றத்தக்கது. ஆயின், அவர் கைக்கொள்ளும் கருவி எம்மக்களின் பெயர்முறையை நோக்கி வனையப்பெற்றதோ அம்முறை தமிழர்க்கு உரியதன்று. இவ்வேறுபாட்டை எண்ணாது கட்டப்பெறும் தரவுத்தளம் உறவல்லாரை உறவாக்கும், உறவினரை அயலாராக்கும், பிழையை அச்சேற்றிப் பின்னோர்க்கு மெய்யெனக் கொடுக்கும்.

இக்கட்டுரையில் யாம் நிறுவக் கருதுவது ஒன்றே. குடிவழித் தரவுத்தளம் வெறும் பட்டியலன்று. அஃது ஒரு பதிப்பு. ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் மூலபாடம், பாடவேறுபாடு, தம் துணிபு ஆகிய மூன்றனையும் தனித்தனியே காட்டுவர். அக்கட்டுப்பாடு தரவுத்தளம் அமைப்பார்க்கும் வேண்டும் என்பதே எம் கொள்கை. தென்னாப்பிரிக்க நேட்டால் நாட்டிற் குடியேறிய தமிழரின் பெயர்கள் இதற்குத் தக்க சான்றாதலின் அவற்றை ஈண்டு ஆய்வுப்பொருளாகக் கொண்டாம்.

குடும்பப்பெயர் என்னும் கோட்பாடு

ஆங்கிலேயரிடையே குடும்பப்பெயர் தொன்றுதொட்டு வந்ததன்று. நார்மானியர் 1066இல் அந்நாட்டை வென்றபின் மெல்ல மெல்லப் பரவி, ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் பெரும்பாலார்க்கும் உரியதாயிற்று. அப்பெயர்களின் தோற்றத்தை ஆராய்ந்தோர் அவற்றை நால்வகைப்படுத்துவர்: ஊரால் வந்தவை, தந்தைபெயரால் வந்தவை, தொழிலால் வந்தவை, உருவோ குணமோ பற்றிய பட்டப்பெயரால் வந்தவை என்பன அவை. ரீனி என்பார் 1958இல் வெளியிட்ட பெயரகராதி இப்பகுப்பை நன்கு விளக்குகின்றது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இந்நான்கும் ஒருகாலத்தில் ஒவ்வோராளைப் பற்றிய செய்திகளாய் இருந்தவை. கொல்லனைக் கொல்லன் என்றது அவன் தொழில் பற்றி. அவன் மகன் உழவனானபோதும் அப்பெயரே நின்றதெனின், செய்தி உறைந்து அடையாளமாயிற்று என்பது பொருள். ஊர்தோறும் கொல்லர் இருந்தமையின், அப்பெயருடையார் அனைவரும் ஒருவழியினர் ஆகார். ஆகவே, குடும்பப்பெயர் நிலைபெற்ற நாட்டிலும் பெயரொற்றுமை உறவுக்கு ஐயத்தைத் தருமேயன்றித் துணிபைத் தராது.

இக்கோட்பாடு கணிப்பொறிக்கும் வந்து சேர்ந்தது. குடிவழிச் செய்திகளை ஒரு கணிப்பொறியினின்று பிறிதொன்றற்குக் கொண்டுசெல்லும் கெட்காம் என்னும் வடிவத்தைப் பிற்காலத் தூயோர் எனப்படும் கிறித்தவத் திருச்சபையினர் 1984இல் வகுத்தனர். அதன் ஏழாம் பதிப்பு 2021இல் வெளிவந்தது. அவ்வடிவத்தில் ஒருவர் பெயரை எழுதுங்கால் குடும்பப்பெயரை இரு சாய்கோடுகளுக்கிடையே அடைத்தல் வழக்கம். குடும்பப்பெயர் இல்லார்க்கு அக்கோடுகளை விடுத்தலும் அமையும். எனவே குறை வடிவத்தின்கண் அன்று. அவ்விடத்தை எவ்வாற்றானும் நிரப்பவேண்டும் என்று கருதும் பழக்கத்தின்கண்ணதே ஆகும்.

தமிழ்ப் பெயர்முறை

தமிழ்ப் பெயர்முறை இதனின் வேறாயது. சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்புழி ஊர், தந்தையின் தொழில், மகன்மை, இயற்பெயர் என்னும் நான்கும் அமைந்துள்ளன. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்பதும் அன்னதே. உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார் என்பவற்றில் தந்தைபெயர் இன்றித் தொழிலே நின்றது.

இவ்வுறுப்புக்கள் ஆங்கிலக் குடும்பப்பெயரின் மூலங்களோடு பெரிதும் ஒத்தனவாதல் காண்க. ஒப்புமை அம்மட்டே. ஆங்கிலத்தில் அவை உறைந்தன, தமிழில் உறையவில்லை. நக்கீரனார்க்கு மகனொருவன் இருப்பின், அவன் கணக்காயனார் மகன் எனப்படான். நக்கீரனார் மகன் எனப்படுவான். ஒவ்வொரு தலைமுறையும் பெயரைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

இம்முறையை இலக்கண நூலாரும் அறிந்திருந்தனர். சிறப்புப்பெயரும் இயற்பெயரும் அடுத்து வருங்கால் இயற்பெயரை முன்வைத்தல் மரபன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வரையறுத்தார். இயற்பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் புணருமாற்றைப் புள்ளிமயங்கியலுள் ஓதினார். ஆதன் தந்தை ஆந்தை ஆதலும் பூதன் தந்தை பூந்தை ஆதலும் அவ்விதியால் அமைவன. ஆந்தை என்பது மகனாற் பெயர்பெற்ற தந்தையைக் குறிக்கும் சொல் என்பதை அறியாதார், அதனை வழிவழி வரும் குடும்பப்பெயர் எனக் கொள்ளின் வழிமுறையே தலைகீழாகும்.

தலைமுறைதோறும் பெயர்மாறும் முறை தமிழர்க்கே உரியதெனக் கருதவேண்டா. ஐசுலாந்து நாட்டினரும் பெரும்பாலும் தந்தைபெயரொடு மகன், மகள் என்னும் சொற்களைச் சேர்த்தே வழங்குவர். அந்நாட்டுத் தொலைபேசிப் பட்டியல் இயற்பெயர் வரிசையில் அமைந்தது. அவர்தம் குடிவழி முழுதையும் அடக்க முயன்ற தரவுத்தளம் 2003இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குடும்பப்பெயர் இன்றியும் குடிவழித் தரவுத்தளம் இயலும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

நேட்டாலில் நிகழ்ந்தது

ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற முதற்கப்பலாகிய துரூரோ சென்னையினின்று புறப்பட்டு 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911இல் இம்முறை நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் மூன்றில் இருபங்கினர் அளவில் சென்னைத் துறைமுகத்தினின்று சென்றோர். தமிழரும் தெலுங்கரும் ஆவர்.

கப்பல்தோறும் எழுதப்பட்ட ஆட்பட்டியல்கள் இன்றும் உள்ளன. குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடற்குறி முதலியன அவற்றுட் பத்திபத்தியாக எழுதப்பட்டன. சுரேந்திர பாணா 1991இல் வெளியிட்ட நூல் 1902 வரையுள்ள இப்பட்டியல்களை ஆராய்ந்து, சென்றோரின் ஊர், சாதி, அகவை முதலியவற்றைத் தொகைப்படுத்திக் காட்டியது. திரளாக எண்ணுவார்க்கு அம்முறை பொருந்தும்; ஆயிரவர் தொகையில் ஒருவர் பெயர் பிழைபடின் முடிவு மாறாது. ஒரு குடியின் வழிமுறையை நாடுவார்க்கோ ஒருவர் பெயரே முழுப்பொருள். அது பிழைபடின் எல்லாம் பிழைபடும்.

பட்டியலில் ஒருவர்க்கு இயற்பெயரும் தந்தைபெயரும் இருந்தன, குடும்பப்பெயர் இல்லை. ஆயின் நேட்டால் அரசின் பதிவேடுகளும் பள்ளிகளும் நாளடைவில் ஆங்கில முறைப்படி குடும்பப்பெயரை வேண்டின. அவ்விடத்தை நிரப்பியவை இருவகையின. ஒன்று, தந்தை அல்லது பாட்டன் இயற்பெயர்; முனிசாமி, பெருமாள், கோவிந்தசாமி என்பன இன்று அங்குக் குடும்பப்பெயர்களாய் உள்ளன. மற்றொன்று, பட்டப்பெயரும் சாதிப்பெயரும். பிள்ளை, நாயக்கர், செட்டி, படையாட்சி என்பன நின்றன. முதலியார் என்பது மூட்லி எனவும், கவுண்டர் என்பது கோவெண்டர் எனவும் திரிந்தன.

இதனால் விளையும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். முனிசாமி என்பானுக்கு மைந்தர் மூவர் எனக் கொள்வோம். மூத்தவன் தந்தைபெயரைக் குடும்பப்பெயராக்கினான். நடுவன் பட்டப்பெயரைக் கொண்டான். இளையவன் பெயரே அவன் மக்கட்குக் குடும்பப்பெயராயிற்று. மூன்றாம் தலைமுறையில் ஒரு பாட்டன் பேரப்பிள்ளைகள் மூன்று குடும்பப்பெயரினர். அதே ஊரில் உறவே இல்லாத பிறிதொரு முனிசாமியின் வழியினரும் முனிசாமி என்னும் பெயரையே தாங்கி நிற்பர். குடும்பப்பெயரால் தொகுக்கும் தரவுத்தளம் முதற்கூட்டத்தாரைப் பிரிக்கும், பின்னவரைக் கூட்டும். இரண்டும் பிழையே.

எழுத்தும் ஒலியும்

எழுதியோரால் வந்த வேறுபாடு பிறிதொன்று. தமிழ்ப் பெயரைச் செவியாற் கேட்டு எழுத்தர் உரோமன் எழுத்தில் எழுதினர். முனிசாமி, முனுசாமி, முன்சாமி, மூன்சாமி என ஒருபெயர் பலவடிவு கொண்டது. இத்தகைய வேறுபாட்டை ஒருவழிப்படுத்தச் சவுண்டெக்சு என்னும் ஒலிக்குறி முறை உண்டு. இரசல் என்னும் அமெரிக்கர் 1918இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிர்களை நீக்கி, எஞ்சிய மெய்களை ஆறு கூட்டமாக்கி, மூன்று இலக்கம் தருவது அம்முறை.

முனிசாமி என்பதன் மேற்காட்டிய வடிவுகள் நான்கும் எம்-525 என்னும் ஒரே குறியைப் பெறும். இது நன்று. ஆயின் முதலியார் என்பது எம்-346. மூட்லி என்பது எம்-340. கவுண்டர் என்பதனைக் ககர ஒலிக்குரிய எழுத்தால் வகரம் தோன்ற எழுதின் கே-153, கோவெண்டர் ஜி-153, கவுண்டன் என்பது வகரமின்றி எழுதப்படின் ஜி-535. ஒரு சொல் மூன்று பெட்டிகளில் வீழ்ந்தது. மறுதலையாகப் பிள்ளை என்பதும், பால் என்னும் கிறித்தவப் பெயரும் பி-400 என ஒரே பெட்டியில் வீழ்ந்தன. ஆங்கிலப் பெயர்களை நோக்கி வகுத்த முறை தமிழ்ப்பெயர்க்கு முற்றும் பொருந்துமென எதிர்பார்த்தல் தகாது.

இதற்குப் பரிகாரம் தமிழறிந்தார் கையில் உள்ளது. அகராதியில் தலைச்சொல்லின்கீழ் வழக்குத் திரிபுகளை அடக்குதல்போல, முனிசாமி என்னும் தமிழ்வடிவைத் தலைச்சொல்லாக்கி ஏனையவற்றை அதன்கீழ் அடக்குக. அவ்வாறு அடக்குங்காலும் சான்றிற் கண்ட எழுத்தை ஒருபோதும் திருத்தற்க. மூன்சாமி என எழுதிய ஏட்டில் மூன்சாமி என்றே பதிக.

ஊரும் மணமும்

தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் இவ்வாராய்ச்சிக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. 1913ஆம் ஆண்டு அறப்போரிற் சிறைசென்று, 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்த அப்பெண்மணியைத் தென்னாப்பிரிக்க வழக்கில் வள்ளியம்மா முனுசாமி முதலியார் எனக் குறித்தனர். இயற்பெயர் முன்னும் தந்தைபெயரும் பட்டமும் பின்னும் நின்றன. தமிழகத்திலோ தில்லையாடி வள்ளியம்மை என்றனர். ஊர்ப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் நின்றன. இருபெயர்க்கும் பொதுவாவது இயற்பெயர் ஒன்றே.

அவர் 1898இல் பிறந்தது யொகன்னசுபர்க்கில். பெயரில் உள்ள ஊர் குடும்பத்தின் பூர்விக ஊரேயன்றிப் பிறந்த ஊர் அன்று. பெயரிற் கண்ட ஊரைப் பிறப்பிடப் பத்தியில் எழுதுவாரும், பெயரின் இறுதிச்சொல்லைக் குடும்பப்பெயர்ப் பத்தியில் எழுதுவாரும் ஒருவரையே இருவராக்கி விடுவர்.

ஊர்ப்பெயரின் எல்லையும் கருதத்தக்கது. கப்பற் பட்டியலில் வட ஆர்க்காடு எனப் பலர்க்கும் மாவட்டம் குறிக்கப்பட்டுள்ளது. அம்மாவட்டத்தின் வடபகுதிகள் 1911இல் சித்தூர் மாவட்டத்திற் சேர்ந்தன; அவை இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளன. எஞ்சிய பகுதி 1989இலும் அதன்பின் 2019இலும் பிரிக்கப்பட்டது. ஆகலின், பட்டியலிற் கண்ட மாவட்டத்தை இன்றைய மாவட்டமாக மாற்றி எழுதுதல் சான்றைச் சிதைப்பதாகும். பண்டைப் பெயரைப் பதிந்து, இன்றைய இடத்தைத் தனியே குறித்தலே முறை.

மணச்செய்தியும் அத்தகையது. பலதார மணத்துக்கு இடந்தரும் சமய முறைப்படி நிகழ்ந்த திருமணங்கள் செல்லா என 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார். அறப்போரின்பின் 1914இல் இயற்றப்பட்ட இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் அத்திருமணங்களை ஏற்றுப் பதிய வழிசெய்தது. ஆகவே பதிவுநாள் ஒன்றாகவும் மணநாள் பல்லாண்டு முற்பட்டதாகவும் இருத்தல் கூடும். பதிவேட்டை மட்டும் நோக்கி, மக்கள் பிறந்தபின் பெற்றோர் மணந்தனர் என எழுதுவது உண்மைக்கு மாறாவதோடு, இறந்தார்க்கு இழுக்கும் ஆகும்.

தரவுத்தளம் அமையுமாறு

இனி, தனியொருவர் தமக்கென அமைக்கும் தரவுத்தளம் எவ்வாறு இருத்தல்வேண்டும் எனக் காண்போம். அட்டவணை ஐந்து வேண்டும்.

முதலாவது சான்று அட்டவணை: எந்த ஏடு, எங்குள்ளது, எவ்வாண்டினது, எவர் எதற்காக எழுதினர் என்பன. இரண்டாவது வாசக அட்டவணை: சான்றிற் கண்டவற்றை எழுத்துப் பிசகாமற் பெயர்த்தெழுதியது. மூன்றாவது பெயருறுப்பு அட்டவணை: ஒரு பெயரிலுள்ள ஊர், தந்தை, தொழில், பட்டம், சாதி, இயற்பெயர் என்பவற்றைப் பிரித்துக் காட்டுவது; வகை விளங்காத உறுப்பை விளங்காதது என்றே குறிக்க இதில் இடம் வேண்டும். நான்காவது ஆள் அட்டவணை: ஆளுக்கு அடையாளம் எண்ணேயன்றிப் பெயரன்று. ஐந்தாவது துணிபு அட்டவணை: இவ்வாசகமும் அவ்வாசகமும் ஓராளையே குறிக்கும் என்றும், இவன் அவன் மகன் என்றும் ஆராய்வோர் கொண்ட முடிபு, அதற்குரிய காரணம், அதன் உறுதிப்பாடு, துணிந்த நாள் என்பன.

இவற்றுள் ஐந்தாவதே உயிர்நாடி. துணிபு தனியே நிற்பின், நாளைப் புதுச்சான்று கிடைத்தபொழுது அதனை மட்டும் நீக்கலாம், வாசகம் கெடாது. துணிபும் வாசகமும் கலந்துவிடின் எது ஏட்டினது, எது நம்மது என்பது நமக்கே விளங்காதொழியும். சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டிச் சென்றமையாலன்றோ இன்றும் அவர்தம் பாடத்தேர்வை நாம் மறுபடி ஆராய முடிகின்றது? அவ்வறம் ஈண்டும் வேண்டும்.

இங்ஙனம் அமைத்தற்குக் கருவி இல்லை எனல் பொருந்தாது. கிராம்ப்சு என்னும் இலவச மென்பொருள் ஒருவர்க்குப் பல பெயர்களைப் பதிய இடந்தருகின்றது. பெயரின் தோற்றம் மரபுவழியதோ, தந்தைபெயரோ, தொழிலோ, இடமோ எனக் குறிக்கவும் வகைசெய்கின்றது. கருவி இடந்தரவும் நாம் பயன்கொள்ளாதிருப்பின் அது கருவியின் குற்றமாகாது.

நேட்டால் சான்றுகளைப் பொறுத்தவரை ஆளை ஆளோடு இணைப்பதற்குப் பெயரினும் உறுதியானது குடியேற்ற எண். பெயர் நால்வகையாக எழுதப்பட்டபோதும் எண் மாறாது தொடர்ந்தது. மனிதரைப் பெயரொழித்து எண்ணாக்கிய கொடுமையின் சின்னமே இன்று அவர் வழியினர்க்குப் பாட்டனைக் காட்டும் கைகாட்டியாய் நிற்கின்றது. இதனை எண்ணுவார்க்கு நெஞ்சம் கனக்கும். ஆயினும் ஆராய்ச்சியில் அவ்வெண்ணைப் புறக்கணித்தல் ஆகாது.

தடையும் விடையும்

வசதி கருதி இறுதிச்சொல்லைக் குடும்பப்பெயராகக் கொண்டால் என்னை எனின், கூறுதும். தமிழகத்தில் ஒருவர் பெயரின் இறுதிச்சொல் பெரும்பாலும் அவர்தம் இயற்பெயரே. தந்தைபெயர் முன்னெழுத்தாய் நிற்கும். இறுதிச்சொல்லைக் குடும்பப்பெயராக்கின் உடன்பிறந்தார் அனைவரும் வேறுவேறு குடும்பத்தினர் ஆவர்.

அற்றேல், சாதிப்பட்டத்தைக் குடும்பப்பெயராகக் கொள்வோம் எனின், அது முன்னதினும் தீது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயர்க்குப்பின் சாதிப்பட்டம் இடுதலை ஒழிக்கவேண்டும் எனத் தீர்மானித்தது. அதன்பின் தமிழகத்தில் அப்பட்டம் பெரும்பாலும் பெயரினின்று உதிர்ந்தது. நேட்டாலிலோ அதே பட்டம் குடும்பப்பெயராய் உறைந்தது. ஒருகுடியின் இருகிளைகளுள் ஈண்டுள்ளோர் பட்டமிலர், ஆண்டுள்ளோர் பட்டமுடையர். பட்டத்தால் தேடுவார் இக்கிளையைக் காணார். அதுவேயன்றி, முன்னோர் வேண்டுமென்றே களைந்ததை வழியினர் பெயரின்மேல் மீண்டும் ஏற்றுதற்குத் தரவுத்தளம் அமைப்பார்க்கு உரிமை யாது? சாதி, கப்பற் பட்டியலில் எழுத்தர் கேட்க ஒருவர் அன்று கூறிய சொல். அச்சொல்லை அச்சான்றின் வாசகமாகவே பதிதல் வேண்டும். வழியினர் அனைவர்க்கும் உரிய இயல்பாகப் பரப்புதல் கூடாது.

உயிரோடுள்ளார் செய்திகளைப் பிறர்க்கு வெளியிடுதற்கு அவரவர் இசைவு வேண்டும் என்பதும் ஈண்டு ஒருதலையாகக் கொள்ளத்தக்கது.

முடிபு

மேற்கூறியவற்றால் போந்தன இவை: குடும்பப்பெயர் என்பது எங்கும் எப்பொழுதும் உள்ள உண்மையன்று, சில நாடுகளிற் சில காலத்தில் உறைந்த வழக்கு. தமிழ்ப்பெயர் ஊரும் தந்தையும் தொழிலும் இயற்பெயரும் கூடிய ஒரு சொற்றொடர். அதனை உறுப்புறுப்பாக நோக்கல் வேண்டும். நேட்டாலில் அச்சொற்றொடரின் ஏதோ ஓருறுப்பு குடும்பப்பெயராக்கப்பட்டது; எவ்வுறுப்பு என்பதைக் குடும்பந்தோறும் தனித்தனியே ஆராய்ந்தே அறியவேண்டும். தரவுத்தளம் சான்றையும் துணிபையும் பிரித்து வைத்தாலன்றி இவ்வாராய்ச்சி இயலாது.

முதுகலை மாணவர் இத்துறையில் இறங்குதல் நன்று. புணர்ச்சி விதியும், பெயர்மரபும், ஏடு ஒப்புநோக்கும் பயிற்சியும் பெற்றாரே மூன்சாமி என்னும் திரிந்த எழுத்துக்குப்பின் நிற்கும் முனிசாமியை இனங்காண வல்லவர். கடலுக்கப்பால் தம் பாட்டன் ஊரைத் தேடி நிற்பார் பலர். அவர்க்குத் தமிழாசிரியர் செய்யத்தக்க உதவி, அழகியதொரு குடிமரத்தை வரைந்து கொடுத்தல் அன்று. இவ்வளவு சான்றாற் பெறப்படும், இவ்வளவு எம் துணிபு என வரையறுத்துக் கூறுதலே ஆகும்.